முள் அறுபத்தைந்தில் இருந்தது

செப்டம்பர் 29, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் எரிமலை செய்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த தலைப்பை ஜெயசீலி டீச்சர் இரண்டு முறை படித்தார்: 'பழைய போர் விமானத்தின் தரையிறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பவை எவை?'

"இதை யாரு எழுதிக் குடுத்தது இந்துமதி, உங்கப்பாவா?"

"நானே எழுதினேன் டீச்சர்."

"எரிமலைன்னா சோடா உப்புல வேலை முடிஞ்சிரும். உனக்கு எல்லாமே பெருசா வேணும்" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்பா விமானப்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மில் முதலாளி நாச்சிமுத்துவின் டைகர் மாத் விமானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார். மஞ்சள் நிறம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, மூடியில்லாத இரண்டு இருக்கைகள். இரண்டாம் உலகப்போரில் புதுப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானம். முதலாளி அதை ஏதோ ஒரு கிட்டங்கியிலிருந்து துருப்பிடித்த நிலையில் வாங்கி வந்தார். அப்பாவும் வர்கீஸ் மாமாவும் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள். வர்கீஸ் மாமா விமானப்படையில் அப்பாவுடன் இருந்தவர், எஞ்சின் வேலை பார்த்தவர். அடுத்த தெருவில் இருக்கிறார். வரும் விஜயதசமியன்று மில்லின் ஆண்டுவிழா. அன்று விமானம் மில்லுக்கு மேலே சுற்றப்போகிறது.

இன்று மாலை அம்மா சமையலறையிலிருந்து கத்தினார். "ஏனுங்க, குக்கர் மூணு விசில் அடிச்சாச்சு. பக்கத்துலயே உக்காந்துட்டு ஒண்ணுகூடவா கேக்கல?"

"அடிச்சுதா?" என்றார் அப்பா.

"செவிட்டு மாப்பிள்ளையத்தான் எங்கப்பன் எனக்குத் தேடிப் புடிச்சிருக்குது."

அப்பா சிரித்தார். அதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மில்லுக்குப் பின்னாலிருக்கும் புல் மைதானத்துக்கு அப்பாவுடன் போனேன். குறிப்பெடுத்தது நிறைய. சுருக்கமாக எழுதுகிறேன்.

இறக்கை விமானத்தைத் தாங்க வேண்டுமென்றால் அதன்மீது காற்று ஒரு குறைந்தபட்ச வேகத்தில் ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் காற்று இறக்கையை விட்டு நழுவிவிடும். விமானம் கல்லைப்போல ஆகிவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். எங்கள் விமானத்துக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் நாற்பத்தைந்து மைல். அதனால் இறங்கி வரும்போது வேக மீட்டரின் முள் அறுபத்தைந்தில் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. கூடினாலும் ஆபத்து. இதற்கு பிரேக்கே கிடையாது, மைதானம் தீர்ந்துபோகும். பாரம் ஏறினால் வேகம் கூட வேண்டும். எதிர்க்காற்று இருந்தால் தரையைத் தொடும் வேகம் குறையும். கொளுத்தும் வெயிலில் காற்று மெலிந்துவிடுவதால் முள் அதே எண்ணைக் காட்டினாலும் தரை வேகமாக ஓடும்.

"வேகம் எவ்வளவுன்னு மீட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று வர்கீஸ் மாமாவிடம் கேட்டேன்.

அவர் இடதுபக்க இறக்கைகளை இணைக்கும் மரத்தூணைக் காட்டினார். அதில் பேனா கனத்தில் இரண்டு குழல்கள் முன்னோக்கி நீண்டிருக்கின்றன. ஒன்றுக்கு வாய் திறந்திருக்கிறது. எதிரே வரும் காற்று அதில் நேராக மோதும். இன்னொன்றின் முனை விரல் நுனியைப்போல மூடியிருக்கிறது. பக்கவாட்டில் ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன. அது மோதாத காற்றின் அழுத்தத்தைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம்.

"அதுக்கு மேல என்னைக் கேக்காதே மோளே. நான் எஞ்சின்காரன். எண்ணெய் ஒழுகுற சாதனம் எதாச்சும் இருந்தா கேளு" என்றார்.

மீட்டர் இல்லாமலே வேகம் தெரியும் என்று அப்பா சொன்னார். இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிகள் காற்றில் பாடுமாம். வேகம் குறையக் குறைய சுருதி இறங்குமாம். "அந்தக் காலத்துல காதை வெச்சே எறக்கிப் போடுவோம். இப்ப என்ற காதை நம்ப முடியாது கண்ணு. முள்ளத்தான் பாக்கறேன்."

அக்டோபர் 11, சனி

ஆயுத பூஜை. மில்லில் எல்லா இயந்திரங்களுக்கும் மாலை. விமானக் கொட்டகையில் பூஜை செய்ய முதலாளி அம்மாவைத்தான் கூப்பிட்டார். "ஓட்டறவரு வீட்டுக்காரம்மா கையால வெச்சாத்தான் நல்லதுங்க" என்றார். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். சந்தனத்தை வீட்டிலேயே அரைத்துக் கெட்டியாகக் கொண்டுவந்திருந்தோம்.

சக்கரத்துக்கு, எஞ்சின் மூடிக்கு, மரக் காற்றாடிக்கு, வர்கீஸ் மாமாவின் ஸ்பேனர்களுக்கு, அவர் டீ குடிக்கும் லோட்டாவுக்குக்கூடப் பொட்டு வைத்தார். மாமா கிறிஸ்தவர், ஆனாலும் நெற்றியை நீட்டினார். "எனக்கும் வையி தங்கச்சி. நானும் பழைய மிஷின்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். மில்லின் புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். குழல்களின்மேல் எப்போதும் ஒரு சிவப்புத் துணி உறை இருக்கும். பூஜைக்காக மாமா அதைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தார். அம்மா இறக்கைப் பக்கம் முடித்துவிட்டுத் திரும்பினார். "அம்மா, அதுக்கு வைக்கலையே" என்று குழலை நோக்கிக் கையை நீட்டினேன். அம்மா ஸ்டூலின்மேல் ஏறி, மூன்று விரலால் மூடிய குழலைச் சுற்றிப் பட்டையாகப் பூசி, நுனியில் குங்குமம் வைத்தார். வாய் திறந்த குழலை மாமா கையால் மறைத்துக்கொண்டார். "இதுக்கு வேண்டாம், இது மூச்சு விடணும்."

விமானமும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். காய்ந்ததும் குங்குமம் மட்டும்தான் தெரிந்தது.

"நாளைக்கு மறுபூஜை ஆகற வரைக்கும் எதையும் தொடைச்சுப் போடாதீங்கண்ணா" என்று கிளம்பும்போது அம்மா சொன்னார்.

"தொடுவேனா? எனக்கென்ன ரெண்டு தலையா?" என்றார் மாமா.

மறுபூஜை நாளை மாலைதான். முதலாளியின் ஜோசியர் காலையில் பறக்க நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

விமானம் விழுந்துவிட்டது. வர்கீஸ் மாமா இறந்துவிட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். பின்னால் மறந்துவிடும்.

அப்பா பின் இருக்கையில், மாமா முன் இருக்கையில். விமானம் ஓடிக் கிளம்பியது. ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக, தட்டையாக ஏறியது. "என்னமோ இன்னிக்குச் சோம்பேறியா ஏறுது" என்று என் பக்கத்தில் நின்ற மில் வாட்ச்மேன் சொன்னார். மேலே போனபின் நன்றாகப் பறந்தது. மில்லைச் சுற்றி வந்தது. தொழிலாளர்கள் துண்டை வீசினார்கள். மாமா கையை ஆட்டினார். அது தெளிவாகத் தெரிந்தது.

பிறகு இறங்க வந்தது. தென்னைமர உயரம் இருக்கும்போது இடது இறக்கை தாழ்ந்தது. அப்படியே மடங்கிப் பருத்திக்காட்டு ஓரத்தில் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. மரப்பெட்டியைக் கீழே போட்டதைப்போல இருந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை. உடைந்த விமானம் மழையிலேயே கிடக்கிறது. விசாரணை அதிகாரி வரும்வரை யாரும் தொடக் கூடாதாம்.

அப்பாவுக்கு முதுகெலும்பில் அடி. காலைத் தொட்டால் தெரியவில்லை என்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

அம்மா ரசம் சாதம் கட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அப்பா சாப்பிடவில்லை. சீருடை துவைக்க வேண்டும். கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை.

அக்டோபர் 20, திங்கள்

விசாரணை அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறார். பெயர் கஸ்தூரிரங்கன். மென்மையாகப் பேசுகிறார். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

"எந்த வேகத்துல வந்தீங்க, மிஸ்டர் தேவசிகாமணி?"

"அறுபத்தஞ்சுங்க."

"விழுந்த விதத்தைப் பாத்தா நாப்பத்தஞ்சுக்கும் கீழே வந்திருக்கணும். இது தெளிவான ஸ்டால்."

"முள்ளு அறுபத்தஞ்சுல இருந்துச்சுங்க. நான் அதைத்தான் பாத்துட்டு வந்தேன். சத்தியமா."

"ஏறும்போது?"

"அம்பதுக்கு மேல வரலீங்க. மூக்கைத் தாழ்த்திப் புடிச்சேன். எஞ்சின்ல சக்தி இல்லையோன்னு நெனச்சேன்."

"எஞ்சினை நேத்து பாத்தாச்சு. அதுல கோளாறு இல்ல. அந்தக் குழாய்களையும் பாத்தோம். மழையில கழுவினாப்பல சுத்தமா இருக்கு."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கம்பிப் பாட்டு எறங்கிப் போச்சு கண்ணு. எனக்குக் கேட்டுச்சு. என்ற காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு முள்ள நம்பிட்டேன்."

அக்டோபர் 26, ஞாயிறு

வர்கீஸ் மாமாவின் மனைவி ஏலியாம்மா ஆண்ட்டி வந்தார். வாசலிலேயே நின்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா மதி, அது போதும் சரோஜினி. அவரு எதனால போனாரு? விமானம் கெட்டுப்போச்சா, ஓட்டினவர் கெட்டுப்போனாரா?"

"அவரு அறுபத்தஞ்சுல வந்தேன்னுதான் சொல்றாருங்கக்கா" என்றார் அம்மா. ஆண்ட்டி தலையை மட்டும் அசைத்தார்.

நான் கண்காட்சிக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாரம் எப்போதும்போல இரண்டு பேர்தான். மாமா மெலிந்தவர். மைதானத்துக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எதிர்க்காற்றைக் காட்டியது, அதை நானே பார்த்தேன். காலை நேரம், வெயில் இல்லை. மைதானம் பழகிய மைதானம். இவை எதுவும் முள்ளை ஏமாற்றாது. அப்பா பொய் சொல்லவில்லை என்றால் முள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். முள் ஏன் பொய் சொல்லும்?

அப்பாவின் பழைய பயிற்சிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படிக்கப்போகிறேன்.

நவம்பர் 1, சனி

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. தெருவில் வெடித்த பட்டாசு ஒவ்வொன்றுக்கும் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டார். அதெல்லாம் நன்றாகவே கேட்கிறது அவருக்கு.

"நான் முள்ளைச் சரியாத்தான் பாத்தேனா? நாப்பத்தஞ்சைப் பாத்துட்டு அறுபத்தஞ்சுன்னு நெனச்சேனோ?" என்று அம்மாவிடம் கேட்டார். இதுவரை அவர் இப்படிக் கேட்டதில்லை.

நவம்பர் 6, வியாழன்

புத்தகத்தில் அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது.

மூடிய குழலின் ஊசித் துளைகள் முழுவதும் அடைபட்டால் ஓட்டுநர் உடனே கண்டுபிடித்துவிடுவார், ஏறத் தொடங்கியதுமே முள் மளமளவென்று இறங்கிவிடும். பாதி அடைபட்டால்தான் ஆபத்து. அப்போது காற்று உள்ளே போக நேரமாகும். சமமாகப் பறக்கும்போது முள் சரியாகவே காட்டும். ஏறும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும். கீழே வரவர வெளிக்காற்று கனக்கிறது, ஆனால் குழலுக்குள் இன்னும் மேலே இருந்த மெல்லிய காற்றே தங்கியிருக்கும். வித்தியாசம் பெரிதாகிவிடும். இறங்கும்போது முள் இல்லாத வேகத்தைக் காட்டும்.

ஏறும்போது குறைவாகக் காட்டியது. சுற்றும்போது சரியாக இருந்தது. இறங்கும்போது அறுபத்தைந்து.

இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது மில் ஆள் ஒருவர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பூஜையன்று எடுத்த புகைப்படங்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். நானே பிரித்தேன். ஒரு படத்தில் அம்மா ஸ்டூலின்மேல் நின்று சிரிக்கிறார். அம்மாவின் மூன்று விரல்களும் குழலைச் சுற்றியிருக்கின்றன. மாமா வாய் திறந்த குழலைக் கையால் மறைத்தபடி நிற்கிறார். ஓரத்தில் நான்.

மறுபூஜை வரை துடைக்காதீர்கள் என்றார் அம்மா. மாமா துடைக்கவில்லை.

இதை அதிகாரியிடம் சொன்னால் அப்பாவை நம்புவார்கள். ஏலியாம்மா ஆண்ட்டிக்கும் பதில் கிடைக்கும். அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அம்மா தினமும் விடியுமுன் எழுந்து, குளித்து, அப்பாவுக்காக விளக்கேற்றி, அதே சந்தனக் கல்லில் சந்தனம் அரைக்கிறார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. யாரிடம் சொல்ல வேண்டும் என்று எதிலும் இல்லை.

நவம்பர் 8, சனி

அம்மா பிளாஸ்கில் காபி வாங்கக் கீழே போயிருந்தார். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கப்பா, மூடின குழல்ல இருக்கிற ஓட்டை பாதி அடைச்சிருந்தா முள்ளு எப்படிக் காட்டும்?"

அப்பா கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கணக்குப் போடுவதைப்போல அசைந்தது. பிறகு அவர் முகம் மாறியது. நான்கு வாரமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்தவரைப்போல இருந்தது. அது ஒரு நிமிடம்தான்.

"ஏன் கேக்கறே?"

புத்தகப்பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்கப்பா."

"நீ எதுக்குக் கையை நீட்டிட்டு நிக்கறே?"

"ஞாபகம் இல்லீங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு படத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். "போற வழியில போட்டுரு அம்மிணி."

அம்மா காபியோடு வந்தார். "அப்பனும் புள்ளையும் என்ன கமுக்கமாப் பேசிக்கிறீங்க?"

"லேண்டிங் ஸ்பீடு" என்றார் அப்பா.

"அந்தப் பேச்சு இன்னும் தீரலயா?" அம்மா காபியை ஆற்றினார். அப்பா விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு டம்ளர் முழுதும் குடித்தார்.

நவம்பர் 10, திங்கள்

அதிகாரி மறுபடி வந்தார். நானும் அம்மாவும் கட்டிலருகே இருந்தோம்.

"முன்னாடி சொன்னதை மாத்தி எழுதிக்கங்க. நான் முள்ளைப் பாக்கவே இல்லீங்க" என்றார் அப்பா. "பழைய பழக்கத்துல காதை நம்பி வந்துட்டேன். என்ற காது சரியில்ல. தப்பு என்ற மேலதான்."

"அறுபத்தஞ்சுன்னு உறுதியாச் சொன்னீங்களே?"

"பயத்துல சொன்னேனுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதினா உங்க பேர் போயிடும். தெரியுமில்லையா?"

"எழுதுங்க."

அப்பா சொன்னது பொய். நான் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அதிகாரி போனதும் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமே! தெனமும் நான் சொல்லிட்டுத்தானே இருந்தேன்? வர்கீஸண்ணன் உங்களை நம்பித்தானே முன்னால ஏறி உக்காந்துச்சு! சத்தியம் வேற பண்ணுனீங்களே!"

அப்பா "ஆமா சரோ" என்றார். அம்மா எது கேட்டாலும் அதையே சொன்னார்.

நவம்பர் 12, புதன்

அம்மா ஏலியாம்மா ஆண்ட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். நானும் போனேன். ஆண்ட்டி திட்டவில்லை.

"ஒத்துக்கிட்டாரே, அது மதி. யாருன்னு தெரிஞ்சுது" என்றார். "இனி இங்க வரவேண்டா சரோஜினி. உன் முகத்தைப் பாத்தா அவரு நெத்தியில நீ பொட்டு வெச்சதுதான் ஞாபகம் வருது."

வரும் வழியில் முட்டைக்கோஸ் வாங்கினோம்.

நவம்பர் 27, வியாழன்

கண்காட்சி. நான் வரமாட்டேன் என்றுதான் ஜெயசீலி டீச்சர் நினைத்திருந்தார். அட்டையை மாட்டிவிட்டு நின்றேன். பாரம், இறக்கை, எதிர்க்காற்று, வெப்பம், மைதானம் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னேன். நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் கேட்டார்:

"ரொம்ப நல்லாயிருக்கும்மா. வேற ஏதாவது காரணம் விட்டுப்போச்சா?"

"இல்லை சார்."

இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு.

ஜனவரி 19, திங்கள்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலி வாசற்படியில் ஏறவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். அம்மா அவருக்கு எல்லாம் செய்கிறார், ஊட்டுகிறார், துடைக்கிறார். பேசுவது மட்டும் குறைவு. குக்கர் விசிலைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதில்லை.

அக்டோபர் 1, வியாழன்

ஆயுத பூஜை. இந்த வருடம் வேண்டாம் என்று அம்மா சொல்வார் என்று நினைத்தேன். காலையில் கல்லின் சத்தம் கேட்டது.

அரிவாள்மணைக்கு, தையல் மிஷினுக்கு, என் ஜியாமெட்ரி பெட்டிக்கு, சைக்கிளுக்கு வைத்தார். பிறகு அப்பாவின் நாற்காலிமுன் குனிந்தார். கை அங்கேயே நின்றது.

"வையி சரோ. நல்லா அப்பி வையி. இதுவும் வண்டிதானே" என்றார் அப்பா.

அம்மா மூன்று விரலால் இரண்டு சக்கரத்திலும் பட்டை போட்டார். கைப்பிடியில் குங்குமம் வைத்தார். அப்பா நெற்றியை நீட்டினார். விபத்துக்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது இன்றுதான். பிறகு கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"இந்து, ஏதாச்சும் விட்டுப்போச்சா பாரு கண்ணு. நீதான் எப்பவும் கண்டுபுடிப்பே."

அப்பா சட்டென்று என்னைப் பார்த்தார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது என்றேன்.